நாடா வாலுக்கு ஒரு ஃபேன்

வாளி மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும், பின்னாலேயே கண் எரியும். நடுக்கடலில் வலைபோட்டு அள்ளி, கப்பலிலேயே ஃபார்மலின் ஊற்றி அடைத்து அனுப்பிய தண்ணீர். அதைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இறால் குஞ்சு ஒரு குப்பி, நண்டுக் குஞ்சு ஒரு குப்பி, மீன் குஞ்சு ஒரு குப்பி என்று இடுக்கியால் பிரிப்பது அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் வேலை. தலைக்கு மேலே ஒரு ஃபேன் தொங்கியது. தொங்கியதோடு சரி. சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார் சூப்பர்வைசர்.

எல்லாம் ஒரு மீன் குஞ்சால் வந்த வினை. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் ஒரு மீன் இருக்கிறதாம். செதில் கிடையாது, கண் கடுகளவு, வாய் மட்டும் அண்டா மாதிரி. அதன் குஞ்சு மேல்தண்ணீரில் வளருமாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஜாடையே ஒட்டாது. விரல் நீள உடம்பு, வாலில் அதைப்போல் ஏழெட்டு மடங்கு நீளத்துக்கு ஒரு நாடா. நாடா அறுபடாத குஞ்சு அவர்கள் வேலைபார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. ஃபேன் சுற்றினால் தட்டுத் தண்ணீர் அலையும், நாடா அறுந்துவிடும் என்பது மேலிடத்து உத்தரவு.

"சார், சுவத்துல வைக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனாவது கேட்டோமே," என்றாள் அவள். "அது புகையைத்தான் இழுக்கும். தண்ணி அசையாது."

"சொல்லியிருக்கேம்மா. மேல போயிருக்கு."

"மேலன்னா எங்க சார், வானத்துக்கா?" என்றாள் நாத்தனார்.

சூப்பர்வைசர் காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கருவிழி புண்ணாகிட்டு வருது. காத்தோட்டமான இடத்துல உட்காருங்க, இல்லேன்னா வேலையை விடுங்க. அப்புறம் பார்வை திரும்பாது," என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வீடு ஓடாது. கண் போனால் இந்த வேலையும் இல்லை, வேறு எந்த வேலையும் இல்லை. இந்த லட்சணத்தில் சூப்பர்வைசரிடம் எத்தனை தடவைதான் பல்லைக் காட்டுவது?

மத்தியானம் புதுத் தட்டின் ஓரத்தில் பாசித் துணுக்கு மாதிரி ஒன்று நெளிந்து கிடந்தது. இடுக்கியைக் கொண்டு போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பாசியின் முனையில் ஒரு தலை இருந்தது.

"அடியே, மூச்சு விடாதே. இங்க வா."

கண்ணில் நீர் கோத்து நாடா இரண்டு இரண்டாகத் தெரிந்தது. மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒன்றாகத் தெரியும் வரை காத்திருந்தாள். பிறகு ஒரு கண்ணாடித் துண்டை அடியில் நுழைத்து, தண்ணீரோடு சேர்த்து மெல்லத் தூக்கினாள். நாடா முழுசாக வந்தது.

அதற்குப் பிறகு அந்த அறையில் நிற்க இடமில்லை. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெரிய சாரே இறங்கி வந்தார். "பிரமாதம்மா! என்ன வேணும், கேளு."

"ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் சார். கண்ணு போகுது."

"இவ்வளவுதானா? நாளைக்கே மாட்டச் சொல்றேன்."

"அண்ணி, ரொம்ப நம்பாதீங்க," என்றாள் நாத்தனார், அவர் போன பிறகு.

ஆனால் மறுநாள் காலையில் எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தேவிட்டார். தோளில் ஃபேன் பெட்டி. இருவரும் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்கள். அவர் வாசலைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனார். அங்கே துணி விரித்த மேஜை மேல், கண்ணாடி ஜாடியில் குஞ்சு மிதந்துகொண்டிருந்தது.

"சார், இது என்ன அநியாயம்?" என்று அவள் சூப்பர்வைசரை மறித்தாள்.

"பார்க்கப் பெரிய ஆளுங்க எல்லாம் வர்றாங்கம்மா. நெடி தாங்க மாட்டாங்க. உங்களுக்குப் பழகிப்போச்சு."

"எனக்கு என்ன பழகிச்சு? என் கண்ணு சார்! அந்தக் குஞ்சு செத்து ஜாடியில கெடக்கு. அதுக்கு எதுக்குக் காத்து?"

"ஃபேன் கேட்டீங்க, வந்துடுச்சுல்ல? சும்மா நொய்யு நொய்யுன்னு..." என்று சொல்லிக்கொண்டே அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

சுவரைக் குடையும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு எலெக்ட்ரீஷியன் தலையில் சிமெண்ட் தூசியோடு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உங்க ஜன்னலை இனிமே சாத்தியே வைங்க. அந்த ரூம் நெடி பூரா வெளியில இந்தச் சந்துலதான் வந்து விழும்."

அவர்கள் அறைக்கு இருந்ததே ஒரு ஜன்னல்தான். அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவை இழுத்தாள். துருவேறிய தாழ்ப்பாள் விழாமல் அடம்பிடித்தது. நாத்தனாரும் வந்து தோள் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் விழுந்தது. அறை இருண்டுபோனது. மேஜை விளக்கைப் போட்டுத் தட்டுக்கு அருகில் இழுத்து, கண் தெரியவேண்டி இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். நாத்தனார் அடுத்த வாளியைத் திறந்தாள்.