ஏழு பேர் சங்கம்

தமயந்தி கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுரைக்காரி. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர டீச்சர். எம்.ஏ. படித்த பெண் என்று கடைவீதியில்கூட அவளுக்குத் தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதனால் 1957-இல், சுதந்திரம் வந்த பத்தாம் ஆண்டு விழாவுக்கு மலர் போடுவதென்று ஊரில் குழு அமைத்து, குழுத் தலைவர் சுப்புராஜ் அவளைத் தேடிப் பள்ளிக்கே வந்தபோது அவள் ஆச்சரியப்படவில்லை.

சுப்புராஜ் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். யாரிடமும் கோபமாகப் பேசாத மனிதர். அவருடைய அண்ணன் பொன்னுவேல் இறந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அந்த அண்ணனைப் பற்றிப் பேசினால் மட்டும் அவர் குரல் ஒரு மாதிரி கம்மிவிடும். அண்ணன் இருந்த ஏழு பேர் சங்கத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை, டீச்சர்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஏழு பேர் சங்கத்தைப் பற்றி ஊரில் கேட்காத ஆள் கிடையாது. நாற்பத்திரண்டு புரட்டாசியில் பெருமாள்மலைப் பக்கத்துச் சோலைக்காட்டுக்குள் ஏழு பேர் கூடிக் கட்டைவிரலைக் கீறி, ரத்தத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்களாம். தேசத்தைக் கட்டியெழுப்பிய தலைவர்களில் ஒருவரே பழனிக்குக் காவடி எடுக்கும் சாமியார் வேஷத்தில் மலையேறி வந்து அந்தச் சத்தியத்தை வாங்கினாராம். மலைக்கு வரும் தந்திக் கம்பியை அறுத்தது அவர்கள்தானாம். ஏழாவது ஆள் பழனிமுத்து என்று ஒரு டிரைவர். அவன் போலீசில் காட்டிக்கொடுத்துவிட்டு மலையை விட்டே ஓடிப்போனானாம்.

எழுத உட்கார்ந்த அன்றே தமயந்திக்கு ஓர் இடம் இடித்தது. நாற்பத்திரண்டு ஆகஸ்டிலேயே பெரிய தலைவர்கள் எல்லோரையும் பம்பாயில் வளைத்துப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அவளே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் அது. சிறைக்குள் இருந்தவர் புரட்டாசி மாதம் கொடைக்கானல் மலையில் எப்படிக் காவடியோடு ஏற முடியும்? இதைச் சுப்புராஜிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

“என்ன டீச்சர் நீங்க, அவுக எம்புட்டுப் பெரிய ஆளுக. செயிலுக்குள்ள தன்ன மாதிரி ஒருத்தர உக்கார வச்சுட்டு வெளிய வர அவுகளுக்குத் தெரியாதா?”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பகுதியை அடிக்கவில்லை. ‘அப்பெருந்தலைவர் சிறைக்காவலை மீறி எவ்வாறு வந்தார் என்பது இன்றளவும் விளங்காத ரகசியம்’ என்று எழுதினாள். எழுதிய வாக்கியம் அவளுக்கே நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கெங்கே ஆதாரம் கிடைக்கவில்லையோ அங்கெல்லாம் ரகசியம் என்ற சொல் கைகொடுத்தது.

சங்கத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர் முகைதீன் ராவுத்தர் ஒருவர்தான் என்றார்கள். நாயுடுபுரம் போகிற வழியில் பலசரக்குக் கடை. தமயந்தி போய்க் கேட்டபோது அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே, அதெல்லாம் பழைய சங்கதி, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். உயிரே போனாலும் சத்தியத்தை மீறாத உத்தமர் என்று அதையும் எழுதிக்கொண்டாள். பழனிமுத்துவுக்குக் கடைசியில் தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, துரோகி என்ற சொல்லைப் போட்டு முடித்தாள். அவனுக்குக் குடும்பம் குட்டி உண்டா என்று ஊரில் ஓர் ஆளிடமும் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் நல்ல சாரல். கொட்டகை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மலரை வெளியிட்டார்கள். தமயந்தி மேடையேறித் தன் கட்டுரையைத் தானே படித்தாள். ரத்தச் சத்தியம் வந்த இடத்தில் கைதட்டல் அடங்கவே நேரமானது. முன்வரிசையில் உட்கார வைத்திருந்த முகைதீன் ராவுத்தருக்கு மாலை போட்டார்கள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டதை அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பள்ளியில் தமயந்திக்கு நெருக்கமாக இருந்தவள் தையல் டீச்சர் சிவபாக்கியம். பெருமாள்மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரே பெஞ்சில் வைத்துப் பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள். விழா முடிந்து பள்ளி திறந்த நாளில் சிவபாக்கியம் அந்தப் பெஞ்சுக்கு வரவில்லை. தையல் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தமயந்தி தானே போய், என்மேல் ஏதும் கோபமா என்று கேட்டாள்.

சிவபாக்கியம் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள்.

“நீங்க துரோகின்னு எழுதுனது எங்கப்பாவ டீச்சர்.”

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. வருகைப் பதிவில் பி. சிவபாக்கியம் என்று இருப்பதை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ‘பி’ எந்தப் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா எங்கேயும் ஓடிப்போகவில்லை என்று சிவபாக்கியம் சொன்னாள். மதுரை ஜெயிலில் ஒன்றரை வருஷம் இருந்தார். இருமிக்கொண்டே வெளியே வந்தார். வீட்டில் ஆறு மாதம் படுத்துக் கிடந்து செத்தார். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அம்மா போய்ச் சேர்ந்தும் நாலு வருஷம் ஆகிவிட்டது.

“அவரு காட்டிக் குடுத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஊர்ல சொன்னாங்க, நாங்களும் கேட்டுக்கிட்டோம். ஆனா ஊர்ல பேசுறது வேற, நீங்க எழுதுறது வேற. படிச்சவங்க, எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

சத்தம் போடாமல்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தமயந்தி பதிலுக்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். காது மடல்கள் சுட்டன. மணி அடித்ததும் வகுப்புக்குப் போய், பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று மாணவிகளிடம் கேட்டாள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மழையோடு ராவுத்தர் கடைக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. பழனிமுத்துவின் மகள் தன்னோடு வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொன்னாள். ராவுத்தர் கையில் இருந்த தராசைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“சங்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல டீச்சரம்மா. மூணே பேரு. பொன்னுவேலு, நான், பழனிமுத்து. பின்னாடி மூட்ட அடுக்குற கிட்டங்கி கெடக்கே, அதுக்குள்ள ஒக்காந்து ரேடியோ கேட்டோம். அம்புட்டுதான் எங்க சோலி.”

பழனிமுத்து கார் ஓட்டிய துரை யுத்தத்துக்குப் போனபோது ஒரு ரேடியோவை விட்டுவிட்டுப் போனாராம். கார் பேட்டரியை வைத்து அதைப் பாட வைத்தவன் பழனிமுத்து. வெளிநாட்டு நிலையங்கள் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்பார்கள். கேட்டது தெரிந்தால் ஜெயில். அதனால் மாட்டினாலும் ஒருவர் பேரை ஒருவர் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பொன்னுவேல் பழனி முருகன்மேல் செய்தார். ராவுத்தர் அல்லாமேல் செய்தார். பழனிமுத்து தன் மகள்மேல் செய்தான். ரத்தமும் இல்லை, காடும் இல்லை. தந்திக் கம்பி அந்த வருஷம் மரம் சாய்ந்து அறுந்தது. காவடிச் சாமியாராக வந்த தலைவர் யார் என்று தமயந்தி கேட்டாள். வடநாட்டுப் பைராகிச் சாமியார் ஒருவர் பழனிக்கு வழி தவறி மலைமேல் வந்து, கடை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார், அவர் பேசிய இந்தி யாருக்கும் புரியவில்லை என்றார் ராவுத்தர்.

சோதனை வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, பழனிமுத்து ரேடியோவைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது வழியில் பிடிபட்டான். மறுநாள் போலீஸ் அவனைக் கடைவீதி வழியாகக் கயிறு கட்டிக் கூட்டிவந்தது.

“இந்தக் கடை வாசல்ல கொண்டாந்து நிறுத்துனாங்க. இவன் யாருன்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அவன் என் மூஞ்சியப் பாக்கல. பாத்தா நான் மாட்டிக்கிருவேன்னு தரையவே பாத்துக்கிட்டு நின்னான். பொன்னுவேலு வீட்டு வாசல்லயும் அதே கததான்.”

பிறகு மீதியையும் சொன்னார். பழனிமுத்துவின் பெண்டாட்டி ஒருநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். போலீஸ் பார்க்கிறதோ என்று பயந்து, அவளிடம் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவன் மட்டும் எப்படி மாட்டினான் என்று ஊர் பேசத் தொடங்கி, அவன்தான் காட்டிக்கொடுத்தான், பிறகு ஓடிப்போனான் என்று பேச்சு முடிந்தது. யாரைக் காட்டிக்கொடுத்தான், அவனால் எவன் ஜெயிலுக்குப் போனான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க எம்.ஏ. தேவையில்லை. தமயந்தியும் கேட்கவில்லை.

இதை விழாக் குழுவிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். மாட்டேன் என்று ராவுத்தர் தலையை ஆட்டினார். நாற்பத்தேழில் நாடு பிரிந்தபோது நடந்ததைச் சொன்னார். வாடிக்கையாக வந்த சிலர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். எப்போது பாகிஸ்தான் போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒருநாள் வாசலில் கும்பல் கூடியது.

“அன்னிக்குப் பொன்னுவேலுதான் குறுக்க வந்து நின்னு, இவரு எங்க சங்கத்து ஆளு, நாட்டுக்காகச் சத்தியம் பண்ணுனவருன்னு சொன்னாரு. அன்னிக்குத்தான் சங்கங்கிற பேச்சே பொறந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தன் என்னயக் கேள்வி கேக்கல. அத இல்லன்னு சொல்ல இப்ப நான் எந்த வாயோட வருவேன்? என் பேர இழுத்து விட்டுறாதீங்க தாயி.”

கிழவரின் கண்ணைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலைக்கு பஸ் ஏறினாள். சிவபாக்கியத்தின் வீடு கடைகளுக்குப் பின்னால் சரிவில் இருந்தது. யார் சொன்னது என்று சொல்லாமல், கேட்டதை எல்லாம் அப்படியே ஒப்பித்தாள். பழனிமுத்து ஒருவர் பேரையும் சொல்லவில்லை என்று சொன்னபோது, இந்த ஒரு சேதியாவது இவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். மகள்மேல் சத்தியம் செய்ததையும் சொன்னாள்.

சிவபாக்கியம் எழுந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அவரு படுத்துக் கெடந்த ஆறு மாசமும் அம்மா அவரத் திட்டிக்கிட்டே இருந்துச்சு டீச்சர். ஊர்ல தலகாட்ட முடியாமப் பண்ணிட்டியேன்னு. நானும் சேந்து திட்டுனேன். கஞ்சிய எட்டத்துல வச்சுட்டு வந்துருவேன். அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. இத்தன வருசம் அவருக்கு நான் ஒரு வெளக்கு ஏத்துனதில்ல.”

அழுதால் தேற்றலாம் என்று தமயந்தி காத்திருந்தாள். சிவபாக்கியம் அழவில்லை. யார் சொன்னார்களோ அவர்கள் வந்து சொல்லட்டும், நீங்கள் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மட்டும் கேட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கச் சொல்லாமல் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

தமயந்தி சுப்புராஜைப் பார்த்து, கட்டுரை தவறு, ஒரு திருத்தம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். அவர் கோபப்படவில்லை. செத்துப்போன மனுஷனை எதற்குச் சின்னதாக்க வேண்டும் என்று வருத்தத்தோடு கேட்டார். பொன்னுவேலை நினைத்தால் தமயந்திக்கும் திட்ட மனம் வரவில்லை. நண்பனின் கடையைக் காப்பாற்றிய பொய் அது. இன்னொரு நண்பனைக் காப்பாற்ற அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்பதும் உண்மை. அவள் வற்புறுத்தியபோது, அடுத்த மலரில் பார்க்கலாம் என்று சுப்புராஜ் பேச்சை முடித்தார்.

வகுப்பிலாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் ஐந்தாம் பாரத்துப் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர்கள் சிறையில் இருந்தார்கள் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதினேன் என்றாள். பழனிமுத்து யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்றாள். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, அதற்கு என்ன ஆதாரம் டீச்சர் என்று கேட்டாள். எதையும் ஆதாரம் கேட்காமல் ஏற்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்ததே தமயந்திதான். ராவுத்தர் பேரை இழுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். புத்தகத்தை எடுத்து அன்றைய பாடத்தைத் தொடங்கினாள். அச்சில் இருப்பதை அந்தப் பெண்கள் நம்பினார்கள். வாயால் சொன்னதை, ஏதோ சண்டை போல என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

பரீட்சை முடிந்ததும் சிவபாக்கியம் வத்தலக்குண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், தமயந்தியிடமும்தான். முகைதீன் ராவுத்தர் அவளைத் தேடிப் போகவே இல்லை.

மறுவருஷம் ஆகஸ்டில் கட்டுரையை மேடையில் படிக்கத் தமயந்தியை மறுபடி அழைத்தார்கள். முடியாது என்றாள். ஒரு கல்லூரி மாணவனை வைத்துப் படிக்கச் செய்தார்கள். நல்ல குரல் அவனுக்கு. துரோகி என்ற இடத்தில் கூட்டம் உச்சுக் கொட்டியது. படித்து முடித்ததும் சுப்புராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்து, இதை எழுதிய டீச்சரம்மா இங்கேதான் இருக்கிறார்கள் என்றார்.

தமயந்தி எழுந்தாள். இது பொய் என்று சொல்லத்தான் எழுந்தாள். சொல்லவும் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். அவள் எழுந்ததைப் பார்த்ததுமே கூட்டம் கைதட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக்கூட அவள் சொன்னது விழவில்லை. அவள் வாய் அசைவதைப் பார்த்து, நன்றி சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த ராவுத்தர் மட்டும் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டார். தமயந்தி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, நிற்கவும் வெட்கமாக இருந்ததால், உட்கார்ந்துவிட்டாள்.