காலடியில் ஒரு டெட்மேன்

ரயில் ஓட்டும் அந்தப் பெண்ணின் காலடியில் ஒரு மிதி உண்டு. வண்டி ஓடும் நேரமெல்லாம் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் மணி அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆனாலும் பயணிகள் பிழைக்கட்டும் என்று வைத்தது. அதற்கு டெட்மேன் என்று பெயர். செத்தவன் என்று பொருள்.

அன்று மதியம் காய்ச்சலோடு வண்டி எடுத்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தபோது வண்டி வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தது. பயணிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

உடம்பு தேறும்வரை வண்டிப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். கணவர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவள் மட்டும்தான். இங்கே விழுந்தால் எந்த மணி அடிக்கும் என்று நினைத்தாள். செல்போன் கோபுரம் எழுப்பும் வேலையிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"எங்க வேலையிலயும் ஒரு டெட்மேன் இருக்கான்க்கா," என்றான் அவன். "பெரிய கான்கிரீட் கட்டையை மண்ணுக்குள்ள புதைச்சு, கோபுரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பியை அதுலதான் கட்டுவோம். அவன் அசைஞ்சா கோபுரம் அம்போ."

"ரெண்டு பேரும் செத்தவனை நம்பித்தான் பொழைக்கிறோமாடா?"

வெகுநாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"தினமும் காலையில 'இருக்கேன்'னு ஒரு மெசேஜ் போடு. வரலைன்னா கிளம்பி வந்துடுவேன்," என்றான் தம்பி.

தினமும் போட்டாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அதோடு சரி.

ஒரு நாள் காலை போனைக் கையில் வைத்துக்கொண்டே மெசேஜ் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அது அடித்தது. மறுபடி மறுபடி அடித்தது. எடுக்க மனம் வரவில்லை.

மதியம் கதவு இடிபட்டது. சட்டையெல்லாம் மண்ணாக, முகத்தில் ஈயாடாமல் தம்பி நின்றான்.

"மறந்துட்டேன்டா."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வழியெல்லாம் என்னென்னவோ நினைச்சுட்டு வந்தேன்க்கா."

அவள் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

"கம்பி பாதியில நிக்குது, போகணும். என்னைப் பாக்கணும்னா வாடான்னு ஒரு வார்த்தை சொல்லு, ஓடி வரேன். இப்படி மட்டும் பண்ணாத."

தலையாட்டினாள். இன்றைக்கு இருந்துவிட்டுப் போ என்பது தொண்டைவரை வந்துவிட்டது.

"படி வழுக்கும், பாத்துப் போ," என்றாள்.