பூசணிப்பூவுக்கு ஒரு மாப்பிள்ளை

மார்ச் 9, திங்கள். இன்று தெரிந்துகொண்டது: பூசணிக்கொடியில் நான் தினமும் கிள்ளி எறிந்தவை வீண் பூக்கள் அல்ல, ஆண் பூக்கள். அவை இல்லாமல் காய் பிடிக்காது. தவறு என்னுடையது.

'முழுக்க முழுக்க என்னுடையது' என்று திருத்தலாமா, அது கொஞ்சம் கூடுதலோ என்று பேனாவைக் கடித்தபடி யோசித்தாள் ஆபீசர். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். துணி காயப்போடும் கயிற்றைக்கூட அளவெடுத்துக் கட்டுகிறவள் என்பதால் அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது.

வேலை முடிந்ததும் வீட்டுத்தோட்ட வகுப்புக்குப் போகிறாள். பலன் தராததைக் கிள்ளிவிட்டால் செடிக்குத் தெம்பு மிஞ்சும் என்று ஆசிரியர் ஒருநாள் சொன்னார். அவர் சொன்னது பக்கக் கிளைகளை. இவளோ, அடியில் குட்டிக் காய் இல்லாத பூவெல்லாம் வெட்டிப் பூ என்று தானே முடிவுகட்டி, மொட்டைக்கூட விட்டுவைக்காமல் காலைதோறும் கிள்ளித் தள்ளினாள். வகுப்பில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. குட்டிக் காய்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தபோது தண்ணீரைக் குறைத்தாள், பிறகு கூட்டினாள். இன்று ஆசிரியர் பலகையில் இரண்டு விதப் பூக்களை வரைந்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தை உடைத்தாள். அண்ணன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப நம்ம கொல்லையில நடக்கிறது லேடீஸ் ஹாஸ்டலா? வாட்ச்மேனும் நீதானா?"

"சும்மா இருங்க, பாவம் அவளே நொந்துபோயிருக்கா" என்ற அண்ணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் சிரித்தாள்.

"சரி சரி. ஆனா ஞாயித்துக்கிழமை கொத்தனார் வர்றார், ஞாபகம் இருக்குல்ல ஆபீசர்? பேசினது பேசினதுதான்" என்றார் அண்ணன்.

அவளுக்கு மறக்குமா? கொல்லையில் சிமென்ட் போட்டு வண்டி நிறுத்துவதென்று அண்ணன் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரே ஒரு காயாவது பிடித்தால் மண் தங்கைக்கு, இல்லாவிட்டால் வண்டிக்கு என்று பேச்சு. கொடியில் மிஞ்சியிருந்தது நாளைக் காலையில் விரியப்போகும் ஒரே ஒரு பெண் பூ. ஆண் பூவுக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே தையல்கார அக்காவின் பூசணி மதில் முழுக்கப் படர்ந்திருந்தது. சிக்கல் என்னவென்றால், போன மாதம் அந்தக் கொடி மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது, ஆபீசர் சரியாக எல்லைக்கோட்டில் அதைக் கத்தரித்து, நூலால் கட்டி, "உங்களோடது அக்கா" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

விடிந்ததும் மதிலருகே போய் நின்று தொண்டையைச் செருமினாள். அக்கா பல்துலக்கியபடி வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கும் எதையாவது வெட்டிட்டியா?"

"இல்லக்கா. ஒரு ஆண் பூ... கிடைக்குமான்னு..."

"எதுக்கு?"

சொன்னாள். அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாக மதிலில் சாய்ந்துகொண்டார்.

"எங்க கொடி உங்க பக்கம் வந்தா கத்தரி. மாப்பிள்ளை மட்டும் வரலாமாக்கும்?"

"தப்புதான்க்கா. வெயில் ஏறினா பூ மூடிக்கும்க்கா."

"அவசரக் கல்யாணம்தான் போல!" அக்கா உள்ளே போய், காம்போடு மூன்று பூக்களைப் பறித்துக்கொண்டு வந்தார். "பாரு, நல்லா பாத்து எடு. அப்புறம் பையன் சரியில்லன்னு திருப்பித் தரக்கூடாது. காய்ல பாதி எனக்கு."

மூன்றில் எது நல்லது என்று ஆபீசரால் முடிவெடுக்க முடியவில்லை. மூன்றையும் வாங்கிக்கொண்டாள். இதழ்களை உரித்து, மகரந்தம் ஒட்டியிருந்த நடுத்தண்டைப் பெண் பூவின் உள்ளே மெதுவாகத் தடவினாள். தோளில் துண்டோடு பின்வாசலில் நின்ற அண்ணன், "மாப்பிள்ளைக்கு என்ன வேலையாம்?" என்றார். அவள் அடுத்த பூவைக் கையில் எடுத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. காலையில் ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை என்று அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, மஞ்சளா தெரியுதா?"

"பச்சையாத்தான் இருக்கு."

"லேசா மஞ்சள் அடிக்கலையே?"

"உன்னைப் பாத்துப் பாத்து என் கண்ணுதான் மஞ்சளாகுது. போ, போய்ச் சாப்பிடு."

வெள்ளிக்கிழமை பூ வாடி உதிர்ந்தது. காய் உதிரவில்லை. பெருத்திருக்கிறதா, பெருத்ததாகத் தனக்குத் தோன்றுகிறதா என்று அவளுக்குச் சந்தேகம். சனிக்கிழமை யாரையும் கேட்கப் பயந்து அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிறு காலை கொத்தனார் கரண்டியும் சட்டியுமாக வந்து இறங்கினார். "எங்க சார் போடணும்?" என்று நேரே கொல்லைக்கு நடந்தார். அண்ணன் கூடவே போனார். ஆபீசர் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் குனிந்து இலையை விலக்கினார். அங்கே கைமுட்டி அளவுக்கு, பளபளவென்று, கரும்பச்சையில் ஒரு காய். விரலால் தட்டிப் பார்த்தார். கொத்தனார் ஒரு கால் எடுத்துவைக்க, "பாத்து, பாத்து! மிதிச்சிடாதீங்க!" என்று பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கதானே சார் சொன்னீங்க?"

"இங்க இல்லைங்க. வாசப்பக்கம் போட்டுடுங்க. வண்டி வெயில்ல காய்ஞ்சா ஒண்ணும் தேய்ஞ்சிடாது." பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் ஆபீசர், ஒளிஞ்சு நின்னது போதும், வா! இது ஈர மண்ணுல படுத்துக்கிடக்கே, அழுகிடாதா? வகுப்புல அதெல்லாம் சொல்லித் தரலையா?"

சொல்லித் தரவில்லை. இந்த வாரம் கையை உயர்த்திக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். ஆனால் அதுவரை காய் காத்திருக்காது.

மார்ச் 15, ஞாயிறு. ஒரு காய் பிடித்திருக்கிறது. நாளை: கடைக்குப் போகும் முன் காய்க்கு அடியில் ஒரு பலகை வைக்க வேண்டும்.