மெயின் எங்கே?

அந்த வட்டாரத்தில் அவளுக்கு மெயினக்கா என்று பேர். விளக்கு எரியவில்லை என்று யார் கூப்பிட்டாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "மெயின் எங்கே?" என்று கேட்பாள், வீட்டுக் கரண்டை மொத்தமாக நிறுத்தும் சுவிட்சை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாலும் முதல் பதில் அதுதான். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட அவள் ஷாக் வாங்கியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை தாங்காது. ஏன் தாங்கவேண்டும்? சும்மா வந்ததா அது?

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில், மெயினக்கா வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. போட்டவள், எதிர்கொள்ளக் கீழே இறங்கி வந்த மகளேதான்.

"அம்மா, வந்தோமா, சாப்பிட்டோமா, கிளம்பினோமான்னு இருங்க. அது ஏன் மினுக்குது, இது ஏன் சுடுதுன்னு ஆரம்பிச்சிடாதீங்க. உங்களுக்கு எலக்ட்ரிக் கடை இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கடையா! எங்கடி இருக்கு அந்தக் கடை?"

"ஐயோ, விடுங்களேன்."

ஸ்கூட்டரில் அவளுடைய காக்கிப் பை இருந்தது. வெள்ளைப் பெயின்டில் 'எலக்ட்ரீஷியன்' என்று கொட்டை எழுத்து, கீழே போன் நம்பர். மகள் அதை எழுத்து தெரியாதபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் படியேறினாள். பள்ளிக்கூடம் போன காலத்திலும் இப்படித்தான். இந்தப் பையோடு அம்மா முன்னால் போனால், இவள் பத்தடி தள்ளிப் பின்னால் வருவாள், யாரோ எவரோ மாதிரி. அப்போது சின்னப் பிள்ளை என்று விட்டாயிற்று. இப்போது கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. பெற்ற பெண்ணுக்கே தன் தொழில் வெட்கமாக இருக்கிறதே என்று மெயினக்காவுக்கு நெஞ்சு வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும்?

பை கீழேயே இருந்தது. ஆனால் கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்டர் கைப்பையில் இருந்தது. சீப்பை மறந்தாலும் மறப்பாளே தவிர, அதை மறக்கமாட்டாள்.

சம்பந்தி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவளை உட்காரக்கூட விடவில்லை.

"பாருங்க சம்பந்தியம்மா, இந்த டிம்மர் நானே போட்டது! போன மாசம். ஆளைக் கூப்பிட்டா அரை நாள் இழுப்பான்."

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழைத் திருகினார். திரை இழுத்துவிட்ட கூடத்தில் தொங்கிய விளக்கு வெடவெடவென்று துடித்தது. சுவரில் டிம்மர் பெட்டி 'ஙொய்' என்று முனகியது.

"கொஞ்சம் பாடும். மத்தபடி ஒண்ணுமில்லை" என்றார் சம்பந்தி.

"கொஞ்சமா? ராத்திரி பகல் கச்சேரிதான்" என்றாள் அவர் மனைவி.

மெயினக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழைய குண்டு பல்புக்குச் செய்த டிம்மரில் சாதாரண எல்.இ.டி. பல்பைப் போட்டால் துடிக்கத்தான் செய்யும். அது பரவாயில்லை, உயிரை எடுக்காது. ஆனால் அவர் குமிழை 'டக்'கென்று அணைத்த பிறகும் பல்பில் ஒரு மங்கல் வெளிச்சம் நின்றதே, அதுதான் அவளை உறுத்தியது. சில டிம்மரில் அப்படிக் கொஞ்சம் கசியும். கசிவுதான் என்று சோதிக்காமல் யார் சொல்வது?

"பல்பு கோளாறா இருக்கும். இருங்க, மாத்திடுறேன்" என்று சம்பந்தி இரும்பு ஏணியை இழுத்துப் போட்டு, வெறுங்காலோடு ஏறினார். பல்பைக் கழற்றினார். "ஹோல்டர்ல பின்னு அமுங்கிக் கிடக்கு. நிமிர்த்தினா சரியாயிடும்."

"அண்ணா, மெயினை..." என்று ஆரம்பித்தவள், சமையலறை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்ற மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அவள் பிற்பாடு தன்னைத்தானே திட்டாத நாளில்லை.

"சுவிட்சைத்தான் அணைச்சாச்சே சம்பந்தியம்மா! அப்படியும் பாருங்க." சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஹோல்டருக்குள் வைத்தார். எரியவில்லை. "கரண்டே இல்லை." டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு விரலை நீட்டினார்.

"மாமா! கையை எடுங்க! மெயின் எங்கே? இறங்குங்க முதல்ல!"

கத்தியது மெயினக்கா அல்ல, மகள். செம்பு ஒரு பக்கம் உருண்டது. மாமனாரை அதட்டியே அறியாத மருமகள் போட்ட சத்தத்தில் மனுஷர் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டார்.

"டெஸ்டர் எரியலையேம்மா" என்றார், பரிதாபமாக.

"டெஸ்டரை டெஸ்ட் பண்ணீங்களா?"

மகள் டெஸ்டரை அவரிடமிருந்து வாங்கினாள். போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பிளக்கில் சார்ஜரை உருவிவிட்டு வைத்துப் பார்த்தாள். அங்கேயும் எரியவில்லை.

"இது செத்துப்போச்சு மாமா. கரண்ட் இருக்கிற இடத்துல முதல்ல வச்சுப் பார்க்கணும். அங்க எரிஞ்சாத்தான், இங்க எரியலைன்னு சொல்றதை நம்பலாம்." பிறகு திரும்பி, "அம்மா, உங்க டெஸ்டரைக் குடுங்க" என்று கை நீட்டினாள். கைப்பையில் இருக்கிறதா என்றுகூட அவள் கேட்கவில்லை.

மெயினக்கா கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பிளக்கில் வைத்தாள், எரிந்தது. மர ஸ்டூலில் ஏறி ஹோல்டரில் வைத்தாள். சுவிட்ச் அணைந்தே இருக்க, டெஸ்டர் ஜம்மென்று எரிந்தது.

சம்பந்தி தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்ட் வர்ற ஒயரை சுவிட்ச் தடுக்கணும் அண்ணா. நீங்க திரும்பிப் போற ஒயர்ல டிம்மரைக் கோத்திருக்கீங்க. குழாயை மூடாம சாக்கடையை அடைச்ச கதை. அணைச்சாலும் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் நிக்குது."

"அட கடவுளே! சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இவ ஈரத்துணியால துடைக்கிற விளக்காச்சே!" என்று மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா, இதெல்லாம் நீ எங்க கத்துக்கிட்ட?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"எங்கம்மாகிட்ட. அவங்களுக்குக் கடையெல்லாம் இல்லை அத்தை. எங்கம்மா எலக்ட்ரீஷியன். வீடு வீடா போய் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. நான்தான் மறைச்சேன்."

மெயினக்கா மகளின் தோளை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள். ஆனாலும் வேலை வேலைதானே? சம்பந்தியிடம் திரும்பிக் கேட்டாள்.

"மெயின் எங்கே அண்ணா?"

மெயினை இறக்கி, யாரும் தொடாமலிருக்க அதன் பக்கத்திலேயே சம்பந்தியை நிறுத்தினாள். மகள் ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்தாள். மெயினக்கா ஸ்டூலில் ஏறி மறுபடி சோதித்தாள். இப்போது டெஸ்டர் எரியவில்லை. ஒயர்களைப் பிரித்து முறையாக மாற்றினாள். டிம்மரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்த சாதாரண சுவிட்சைப் பொருத்தினாள். "மங்கல் வெளிச்சம் வேணும்னா எல்.இ.டி.க்குன்னே டிம்மர் இருக்கு, அதுக்கு ஒத்துப்போற பல்பும் இருக்கு. ரெண்டையும் வாங்கி வைங்க, வந்து போடுறேன்." மெயினை ஏற்றியதும் விளக்கு துடிக்காமல், முனகாமல் எரிந்தது. அணைத்தார்கள். அந்த மங்கலும் இல்லை.

"கணக்கு வாத்தியார் போட்ட முதல் தப்புக் கணக்கு" என்றாள் அவர் மனைவி.

"முதல்னு எதுக்குப் பொய் சொல்றே?" என்றார் அவர். பிறகு மெயினக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சம்பந்தியம்மா, உங்க நம்பரைக் குடுங்க. இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்றேன்."

"பையிலேயே எழுதியிருக்கு மாமா" என்றாள் மகள்.

கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டதும் மகள்தான், எழுத்து வெளியே தெரிய. படியிறங்கி, வாசலில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் நடுவே ஸ்கூட்டரை நோக்கி நிதானமாக நடந்தாள்.

"வாங்கம்மா, ஏன் பின்தங்குறீங்க?" என்று திரும்பிக் கேட்டாள்.

"நீ போடி. வர்றேன்."

மெயினக்கா வேண்டுமென்றேதான் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தாள். அங்கிருந்து பார்த்தால்தான் அந்தக் கொட்டை எழுத்தை முழுசாகப் படிக்க முடிந்தது.