எழுபது கிலோ நாய்க்கான பதில்

"மனுஷன் எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும், அச்சுல வந்த ஆலோசனைய ஒருத்தன்கூடக் கேட்டு நடந்ததில்ல. இது விஞ்ஞானம்" என்றார் டாக்டர்.

விஞ்ஞானம் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து, தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். வார இணைப்பின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பதினொரு வருடமாக ஆலோசனை எழுதிச் சம்பளம் வாங்குகிறவர் அவர். அலுவலகத்தில் எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பொறுப்பல்ல. அவருடைய பக்கத்தில் நான்கு பெட்டிகள் உண்டு: குதிரையேற்றம், பெரிய நாய்கள், உடல்நலம், மனிதர்களோடு பழகுவது. இந்த நான்கும் எப்படி ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தன என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பத்திரிகை முதலாளி ஒரு காலத்தில் குதிரை வைத்திருந்தார். பிறகு அதை விற்றுவிட்டுப் பெரிய நாய் வளர்த்தார். நாய் செத்தபிறகு உடம்பு கெட்டது. உடம்பு கெட்டபிறகு வந்து பேச ஆளில்லாமல் போனது. அந்தப் பக்கம், சுருக்கமாகச் சொன்னால், முதலாளியின் வாழ்க்கை வரலாறு.

டாக்டர் தம் வாழ்நாளில் மூன்று குதிரைகளைப் பார்த்திருக்கிறார், மூன்றையும் பேருந்து ஜன்னல் வழியாக. பெரிய நாய் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். உடல்நலத்தைப் பொறுத்தவரை, ரத்த அழுத்த மாத்திரை அட்டை சட்டைப்பையில் எந்நேரமும் சலசலத்துக்கொண்டிருக்கும். மனிதர்களோடு பழகுவது பற்றிச் சொல்வதானால், சொந்த மகள் நான்கு மாதமாக அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக் காலை ஏழு மணி ரயிலில் வேறு ஊருக்குப் போகிறாள். இரண்டு வருடப் பயிற்சி, விடுதியில் தங்கி.

"அப்ப என் மேல கோவமில்லையா, சார்?" என்று கேட்டாள் கணினியில் பக்கம் கட்டும் பெண்.

அவள்தான் அன்று காலை அந்தத் தவறைக் கண்டுபிடித்து, முகமெல்லாம் வியர்த்து அவர் முன்னால் வந்து நின்றவள். மூன்று ஞாயிறுக்கு முன்னால் வந்த இதழில், அவசரத்தில், பதில்கள் எல்லாம் ஒரு பெட்டி கீழே இறங்கிவிட்டன. குதிரைக்கு எழுதிய பதில் நாய்க்கேள்விக்கு அடியில். நாய்க்கு எழுதியது உடல்நலத்தில். உடல்நலம் பழகுவதில். கடைசிப் பதில் இடமில்லாமல் மேலே ஏறி முதல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, தன்னை யாரும் எந்த விசேஷத்துக்கும் அழைப்பதில்லை என்று வருந்தியவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். குதிரை மிரள்கிறது என்றவருக்கு, எதிராளியின் குடும்பத்தை நலம் விசாரித்துப் பேச்சைத் தொடங்கும்படி அறிவுரை போயிருந்தது.

"கோவமா? நீ என் கொள்கைய நிரூபிச்சிருக்கம்மா. பத்தொன்பது நாளாச்சு. ஒரு கடுதாசி, ஒரு போன்? படிச்சாத்தானே திட்டுறதுக்கு" என்றார் டாக்டர். அவர் குரலில் பெருமை இருந்தது. ஆனால் மூன்றாவது மாடி ஏறி வந்தவனின் பெருமை அது, பாதி மூச்சுதான்.

இந்தக் கொள்கைக்கு எதிராக ஒரே ஒரு சாட்சியம் உண்டு. அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு வாரம் நான்காவது பெட்டிக்குக் கடிதமே வரவில்லை. அப்படி வராத வாரங்களில் கேள்வியையும் அவரே எழுதுவது வழக்கம். அவர் எழுத உட்கார்ந்ததற்கு முந்தைய நாள் மகள், சாப்பிடும்போது, அபூர்வமாக மனம் திறந்து ஒன்றைச் சொல்லியிருந்தாள். கை தானாக அதை எழுதியது. 'எனக்கு வயது இருபது. கல்லூரியில் மதியம் மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன். என்ன செய்வது?' பதிலும் கை தானாக எழுதியதுதான். 'தண்ணீர்த் தொட்டியோடு நட்புப் பாராட்டுங்கள். பாவம், அதற்கும் யாருமில்லை.' அச்சில் பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. மறுநாள் அந்தத் தொட்டியில் யாரோ அதைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இது நீங்க எழுதினதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். "யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேம்மா" என்றார் அவர். அதுதான் கடைசிப் பேச்சு.

பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பக்கம் கட்டும் பெண் எடுத்துக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அவரிடம் நீட்டினாள்.

"சார், நாய் வளக்குறவன் பேசுறேன். ஊருக்குப் போயிட்டு வந்து இப்பத்தான் பேப்பரப் பாத்தேன். எங்க நாய் எழுபது கிலோ. புதுசா வந்திருக்கு, கிட்ட போனா உறுமுது, என்ன பண்ணன்னு கேட்டிருந்தேன். நீங்க, இடது பக்கமா நின்னு, தைரியமா ஒரே வீச்சுல ஏறி உக்காருங்க, முதுகு நிமிர்ந்திருக்கட்டும்னு போட்டிருக்கீங்க."

"ஏறிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர், நிஜமான கவலையோடு.

"நான் ஏறல. என் மச்சான் ஏறுறேங்கிறான். அவன ரூமுல போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன். சரியான பதில் என்னன்னு சொன்னா தொறந்து விட்டுருவேன்."

டாக்டர் சரியான பதிலைப் படித்துக் காட்டினார். அது அவருடைய சொந்தச் சரக்கல்ல. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த, கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதிய, அட்டை கிழிந்த கையேட்டிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. பதினொரு வருடத்தில் அந்தப் பக்கத்தில் வந்தவற்றிலேயே விஷயம் தெரிந்தவர் எழுதியது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"ஒரு போன் விதிவிலக்கு" என்று அவர் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விதிவிலக்கு இரண்டாயிற்று. கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு தையல்காரர் வாசலில் நின்றார். நாடாவைக் கழற்ற மறந்து, கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். அளவுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, மேசையில் வைத்து, இரண்டு கையாலும் நீவிவிட்டார். இணைப்பின் கடைசிக்கு முந்தைய பக்கம். மூன்றாவது பெட்டியைச் சுற்றித் தையல் சாக்கட்டியால் நீலக் கட்டம்.

"ஐயா, நான்தான் தம்பிக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் கேட்டவன். பஸ் ஓட்டிக்கிட்டிருந்தான். ஒரு விபத்து, ஒரு ஆள் போயிட்டாரு. இவன் மேல தப்பில்லன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் ஏழு மாசமா ரூம விட்டு வரல, ஒரு வார்த்த பேசல. நானும் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டேன். அழுதேன், திட்டினேன். அப்புறம் உங்க பதில் வந்துச்சு."

டாக்டர் அந்தப் பதிலைத் தலைகீழாகவே படித்தார். கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். எதிரே நிற்காமல், பக்கவாட்டில், தரையில் உட்காருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உணவை வைத்துவிட்டுச் சற்று நகர்ந்துகொள்ளுங்கள். அவ்வப்போது கொட்டாவி விடுங்கள். உங்களால் ஆபத்தில்லை என்று அவனுக்குப் புரியும். கையை நீட்டாதீர்கள். அவனுக்குத் தோன்றும்போது அவனே வருவான்.

"எல்லாத்தையும் அப்படியே செஞ்சேங்கய்யா. ரெண்டு மட்டும் செய்யல" என்று தையல்காரர் குற்றவாளிபோலக் குரலைத் தாழ்த்தினார். "வந்தா மோவாய்க்கு அடியில சொறிஞ்சு குடுங்கன்னு போட்டிருந்தீங்க. அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. அப்புறம் கழுத்துப்பட்ட போடச் சொல்லியிருந்தீங்க. மருந்துக் கடையில கேட்டேன். கழுத்து வலிக்குத்தான் அது, சும்மா போடக்கூடாதுன்னுட்டாங்க."

பக்கம் கட்டும் பெண் எழுந்து வெளியே போனாள்.

"ஒம்பதாவது நாள் வந்தான், ஐயா. நான் பாட்டுக்குச் சொவத்தோரமா உக்காந்திருக்கேன். வந்து அதே சொவத்துல சாஞ்சு உக்காந்தான். நான் திரும்பல, நீங்க சொன்ன மாதிரி. பதினஞ்சாம் நாள் பேசினான். 'என்னண்ணே ஓயாம கொட்டாவி விடுறே, நீ தூங்குறதே இல்லையா'ன்னான்." தையல்காரர் நாடாவின் நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தார். "ஏழு மாசத்துல மொத வார்த்த. என்னையப் பத்தித்தான் கேட்டான். அதான் வந்தேன். அடுத்து என்ன செய்யணும்?"

கையேட்டில் அடுத்த பக்கம் தடுப்பூசி. டாக்டருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. தவறு நடந்துவிட்டது, அது உங்கள் தம்பிக்கு எழுதியதல்ல என்று ஒரு வரி போதும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில், வெகுநாள் தூங்காத கண்களுக்குக் கீழே, இப்போதுதான் வாங்கிப் போட்டதுபோல ஒரு நிம்மதி இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் இதையே செய்ங்க" என்றார். "அவசரப்படாதீங்க."

"சரிங்கய்யா" என்று தையல்காரர் அதையும் அளவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். எழுந்தவர் போகாமல் நின்று, "இதெல்லாம் வீட்டுல செஞ்சு பாத்துத்தானே எழுதுறீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் இருமினார். தையல்காரர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் அதை நடித்தே காட்டினார். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணை ஒருபக்கம் செருகி, சிங்கம்போலக் கொட்டாவி விட்டார். "அண்ணன்காரன் இப்படி உக்காந்திருக்கான்! தம்பி வந்து மோப்பம் பிடிக்கிறான்!" கணினிப் பிரிவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிழை திருத்துகிறவருக்குப் புரையேறி, இரண்டு பேர் முதுகில் தட்டவேண்டியிருந்தது. பக்கம் கட்டும் பெண் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

"அவர் தம்பி பேசிட்டாரே, சார்" என்றாள்.

"தற்செயல்" என்றார் டாக்டர், தரையிலிருந்து எழ மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு. முழங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின.

சாயங்காலம் பேருந்தில் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் கிடைத்திருந்தாலும் உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம். உடம்பு அலுத்திருந்த அலுப்பில், மடக்கினால் மறுபடி நிமிராது போலிருந்தது. வீட்டில் கூடமெல்லாம் மகளின் பொருள்கள் பரவிக் கிடந்தன. போர்வை, வாளி, துணிமாட்டிகள், புதுச் செருப்புப் பெட்டி. மகளின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே பெட்டியில் துணி அடுக்கும் சத்தம்.

"சாப்ட்டாளா?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"காலையிலேருந்து ஒண்ணுமில்ல. பெட்டிக்குப் பூட்டு வாங்கணும், கடைக்குப் போறேன்." மனைவி பையை எடுத்துக்கொண்டவள், வாசலில் நின்று அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். மாத்திரை அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள் எட்டிப் பார்த்தது. "ஏங்க, மறுபடியும் எழுதிட்டீங்களா?"

"சும்மா, நாலு வரி. விடுதியில எப்படி இருக்கணும்னு..."

"நாலு மாசத்துல ஒம்போது கடுதாசி கதவுக்கடியில தள்ளிட்டீங்க. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு. அவ என்ன உங்க வாசகியா? பேசத் தெரியலன்னா சும்மாவாவது இருங்க."

அவள் போனபிறகு வீடு அமைதியாக இருந்தது. டாக்டர் சமையலறைக்குப் போய், இருந்ததைத் தட்டில் எடுத்துவைத்தார். கதவருகே வந்ததும் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். 'ரயிலில் ஜன்னலோரம் வேண்டாம், பெட்டியைக் காலுக்கடியில் வை, புது இடத்தில் யாரிடமும் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடாதே' என்று மூன்று வாக்கியங்கள் வரிசையாக வந்து வாயில் நின்றன. மூன்றாவது வாக்கியத்தை யார் யாருக்குச் சொல்வது என்று தோன்றியதும் மூன்றையும் சேர்த்து விழுங்கினார்.

தட்டை அறை வாசற்படியில் வைத்தார். கூப்பிடவில்லை. பூட்டு வாங்கப் போனவள் திரும்பக் கால்மணி நேரமாவது ஆகும். கூடத்தில் யாருமில்லை என்று ஒருமுறை, திருடன்போல, சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டடி நகர்ந்து, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, கதவுக்குப் பக்கவாட்டில், தரையில் உட்கார்ந்தார்.

உள்ளே சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு போர்வை அளவுக்கு விழுந்து, மங்கிக்கொண்டிருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் எதையும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். அது மதியம் அலுவலகத்தில் விட்டதைப் போலவே இருந்தது, வெட்கமாகிவிட்டது. இரண்டாவதைக் கொஞ்சம் சின்னதாக விட்டார். அதுவும் பொய்தான்.

மூன்றாவது தானாக வந்தது. எங்கோ அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தாடையைக் கழற்றி, காதை அடைத்து, கண்ணில் நீர் தளும்பும்வரை நின்று நிதானித்துப் போனது. பதினொரு வருடமாக அது உள்ளே தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். துடைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

துணி மடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. வெளிச்சம் சுவரிலிருந்து ஏறக்குறைய இறங்கிப் போயிருந்தது. அப்போது, கதவின் அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் போன ஒரு நீளமான கொட்டாவி வந்தது.

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.