முத்துக் குடும்பத்தில் ஓர் இடம்

தலைமை ஆசிரியர் எபினேசர் பயிற்சிக்குப் போகும்போது சாதாரண மனுஷராகத்தான் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு பையும் வாயில் ஒரு வார்த்தையும் தொங்கின. சிறு கற்றல் சமூகம். காலை வழிபாட்டில் சொன்னார், ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார், டீ கொண்டுவந்த ஆயா செல்லம்மாவையும் விட்டுவைக்கவில்லை. அந்த அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கணக்கு டீச்சர் ரமாபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணம், விஷயம் நல்ல விஷயம் என்பதுதான். காலடிப்பேட்டையில் இருந்த அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் மூட்டை அடுக்கியதுபோல் அடைந்து கிடந்தார்கள். பாதிப் பேரின் பெயர் வாத்தியார்களுக்கே தெரியாது. சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சொந்த அறை, சொந்த ஆசிரியர்கள் என்று வைத்தால் ஒரு பிள்ளையும் காணாமல் போகாது. இதை அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் எபினேசர் கொட்டாவி விட்டார். ஏசி ஹாலில் கோட்டுப் போட்ட ஒருவன் சொன்னதும் ஞானம் பிறந்துவிட்டது.

பிரித்த லட்சணம் இன்னும் வேடிக்கை. எல்லாரையும் கலந்து பிரியுங்கள் என்று பயிற்சியில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மனுஷர் சாப்பாட்டு வரிசையில் நின்றிருப்பார்.

"ஒரே ஏரியாப் புள்ளைங்கன்னா வீட்டுக்குப் போயும் சேர்ந்து படிப்பாங்க, டீச்சர்" என்று தெருவாரியாகப் பிரித்தார். கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் முத்துக் குடும்பம். கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் பவளக் குடும்பம். ஹவுசிங் போர்டு பிள்ளைகள் சங்குக் குடும்பம். ஊரில் ஏற்கெனவே கிடந்த பிரிவினையை எடுத்து, கலர் பேப்பர் ஒட்டிக் கதவில் மாட்டி, அதற்குக் குடும்பம் என்று பெயரும் வைத்துவிட்டார். இதற்கு எதற்குப் பயிற்சி? ஊர்க்காரர்கள் இதைக் காலங்காலமாக இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முத்துவுக்கு மாடியில் காற்றோட்டமான அறை. சங்குவுக்குக் கழிப்பறையை ஒட்டிய பழைய சைக்கிள் ஷெட். ரமாபாயை முத்துவுக்குப் போட்டார். "பெஸ்ட் டீச்சர் நீங்க, அதான்" என்று பட்டம் வேறு. சங்குவுக்குக் கணக்கெடுக்க, "அந்தப் புள்ளைங்களுக்கு அவரே போதும்" என்று பி.டி. மாஸ்டர் பாஸ்கர். தங்கமான மனுஷர்தான். ஆனால் அல்ஜீப்ரா என்றால் அவருக்கே வியர்க்கும்.

அந்த ஷெட்டில்தான் செங்கொடி மாட்டிக்கொண்டாள். அப்பா மாதவரத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். பெண்ணுக்குக் கணக்கு என்றால் அப்படி ஒரு ருசி. மற்றவர்கள் விடைக்காகப் போடுவார்கள், இவள் போடுவதற்காகவே போடுவாள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப் எடுத்தே தீருவது என்று இருந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் மார்க் இறங்கினால் குரூப் கைவிட்டுப் போகும். இது ரமாபாய்க்குத் தெரியும், செங்கொடிக்கும் தெரியும். எபினேசருக்குத் தெரிந்துகொள்ள நேரமில்லை.

ரமாபாய் அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டாள். "அவங்களுக்கு அவங்களோட இருக்கத்தான் பிடிக்கும், டீச்சர்" என்று மழுப்பியவர் கடைசியில் இறங்கி வந்தார். "சரி, கணக்குப் பீரியடுக்கு மட்டும் அந்தப் பொண்ணு முத்துல வந்து உக்காரட்டும். மேல அனுப்பற ரிப்போர்ட்ல போட்டாலும் நல்லா இருக்கும்." அவர் மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்குக் குமட்டியது. இருந்தாலும் பெண்ணுக்காகத் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தாள்.

கணக்கெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வினை சாப்பாட்டு மணியில் இருந்தது. முன்பு நீள வராந்தாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவார்கள். குப்பத்து ரேகா கொண்டுவரும் மீன் வறுவல் அவள் வாய்க்குப் போவதற்குள் பத்து டப்பா ஏறி இறங்கும். இப்போது அவரவர் குடும்பம் அவரவர் அறையில்தான் சாப்பிட வேண்டும். சேர்ந்து சாப்பிட்டால்தானே குடும்பம் என்பது எபினேசர் சட்டம்.

முத்துவின் இங்கிலீஷ் டீச்சர் ஜெஸ்வின் தேன் ஒழுகச் சொன்னாள். "செங்கொடி, கணக்குக்கு மட்டும்தானே நீ இங்க? சாப்பாட்டுக்கு உன் குடும்பத்தோட போய் உக்காரும்மா." கீழே போனால் ஷெட்டில் வரவேற்பு. "வாங்க முத்து மேடம், இங்க இன்னா வேலை?" எல்லாரும் சிரித்தார்கள். மேலும் இல்லை, கீழும் இல்லை என்று படிக்கட்டின் நடுவில் டப்பாவைத் திறந்தாள் செங்கொடி. அந்த வாரம் முழுக்க அங்கேயேதான் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை கணக்குக்கு அவள் வரவில்லை. ரமாபாய் பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டுக்கு இறங்கிப் போனாள்.

"ஏன்டி வரல?"

"அங்க கணக்கு நல்லாதான் கீது மிஸ். சோறுதான் எறங்கல. மேல சேத்துக்க மாட்றாங்கோ, கீழ கலாய்ச்சிகினே கீறாங்கோ. எவ்ளோ நாளு படிக்கட்டுல குந்திகினு துன்றது? நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"அப்ப கணக்கு?"

"வர்ற மார்க்கு வரட்டும் மிஸ்."

அழுதிருந்தால்கூடத் தேவலை. ஏதோ கடையில் ஒரு சாமான் இல்லை என்றதும் திரும்பி வருவதுபோல் சொன்னாள்.

ரிப்போர்ட்டுக்காகப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்த எபினேசர் இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டார். முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தீங்களா டீச்சர்? அவங்களுக்கே அவங்களோட இருக்கத்தான் பிடிக்குது. நான் சொன்னப்ப நீங்க நம்பல."

ரமாபாய் பள்ளிக்கூடத் தமிழ் பேசியே பழகியவள். ஆனால் பிறந்து வளர்ந்தது செங்கொடியின் பாஷை புழங்கும் புளியந்தோப்பில்.

"யோவ்" என்று ஆரம்பித்தாள். அடுத்துச் சொன்னதை அச்சில் போட முடியாது. போர்டுப் பக்கம் நின்ற பாஸ்கர் சாக்பீஸை அவள் கையில் வைத்துவிட்டுக் கும்பிடாத குறையாக ஒதுங்கி நின்றார்.

எபினேசர் போனைப் பைக்குள் போட்டார். "இதுக்கு மெமோ வரும் மேடம்."

"இங்க குடுத்தனுப்புங்க. இனிமே இங்கதான் கீறேன்." போர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்ப முத்துவுக்குக் கணக்கு யாரு எடுக்கறது?"

"பாஸ்கர் சார் எடுப்பாரு. இந்தப் புள்ளைங்களுக்கு அவரே போதும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் புள்ளைங்களுக்கும் போதும்."