நடந்து வந்ததற்கு

நீதிமன்ற எழுத்தர் கையை நீட்டினாள். ட்ரீனா ஓட்டுநர் உரிமத்தை உருவிக் கொடுத்தாள்.

"மிட்டாய் எடுத்துக்கோ கண்ணு" என்று எழுத்தர் கிண்ணத்தை நகர்த்தினாள்.

ட்ரீனா எடுக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தொன்று ஆகுமுன் குடித்தால் அந்த ஊரில் உரிமம் போய்விடும். எங்கே குடித்தாய், வண்டி ஓட்டினாயா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை.

அன்று மேய்ச்சல் நிலத்தில், நண்பர்கள் மூட்டிய நெருப்பருகே இரண்டு பீர் குடித்தாள். குடித்துவிட்டோமே என்று பிக்கப் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சரளைச் சாலையில் நடந்தாள். தனியாகப் போகிறாளே என்று ரோந்து வந்த ஷெரிஃபின் போலீஸ்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். கதவைச் சாத்தியதும் வாடை காட்டிக் கொடுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு மட்டுமாவது ஓட்டவிடுங்க" என்று நீதிபதியிடம் அப்பா கெஞ்சியிருந்தார். "நான் வாரம் மூணு தடவ டயாலிசிஸுக்குப் போகணும். அம்பது மைல். இவள விட்டா ஆளில்ல."

"சட்டத்துல அதுக்கு இடமில்ல வெர்னன். ஒரு வருஷம்."

வெளியே வந்தார்கள். அப்பா தடியால் தரையைத் தட்டியபடி வழக்கம்போல் பிக்கப்பின் வலப்பக்கம் போனார். ட்ரீனா இடப்பக்கக் கதவைத் தொட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

"சாவியக் குடு."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதேப்பா."

"உன்னவிட மோசமாவா ஓட்டிருவேன்?"

அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஓட்டிட்டே வந்திருந்தா மாட்டியிருக்க மாட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"நாளைக்கு லைல் மாமாவக் கேக்கலாம்."

"சோளம் அறுக்கறப்பவா? நாளைக்கு வருவான். அடுத்த வாரமும் வருவான். அப்புறம் எல்லாருக்கும் வேலை வந்துரும்."

அவள் சுற்றி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்தாள். அப்பா ஏறி நடுவில் நகர்ந்துகொண்டார். பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாருமில்லை. சோளம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

லாரிச் சத்தம் ஓய்ந்ததும் அப்பா சொன்னார். "நான் ரொம்ப நாளாவே யோசிச்சிட்டிருந்தேன். அந்த டயாலிசிஸ் மெஷினு போதும்னு."

"அப்பா!"

"உன்னால இல்லம்மா."

அவருடைய வீங்கிய கை அவள் முழங்காலைத் தேடி வந்து நின்றது. அவர் பொய் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.